குனியாமல் நத்தை பிடிப்பது எப்படி?

நத்தையை ஒழிக்கும் வழிகள் இரண்டு வகை. குனிந்து செய்பவை, குனியாமல் செய்பவை. குனிந்து செய்பவை பலிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வயிறு இருக்கிற அளவுக்கும் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கும் அந்த வகை ஒத்துவராது. ஆனால் குனியாமல் செய்கிற வகையில் என்னளவுக்குக் கரை கண்டவர் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் யாரும் கிடையாது.

எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபதடி நீள மனையில் வீடு போக மிச்சம். ஒரு பப்பாளி, இரண்டு வாழை, கொஞ்சம் கத்திரி, வெண்டை, தொட்டிகளில் செண்டுமல்லி. ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்ததும் செடிகள் தளதளவென்று கிளம்பும். ஒரு வாரம்தான். அப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் சல்லடை, தண்டு மட்டும் நிற்கும், தரையில் வெள்ளிக்கோடு கோடாக ஈரம் காய்ந்திருக்கும்.

கைவரிசை ஆப்பிரிக்க ராட்சத நத்தையுடையது. கிழக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர். இந்தியாவுக்குத் தானாக வரவில்லை. வில்லியம் ஹென்றி பென்சன் என்று ஒரு வெள்ளைக்காரர், நத்தை, சிப்பிகளை ஆராய்கிற பைத்தியம் பிடித்தவர், 1847-இல் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். வெள்ளைக்காரன் விட்டுப்போன ரயில், தபால், கிரிக்கெட் பற்றியெல்லாம் பேசுகிறவர்கள் இதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடி வகைகளை இது தின்னும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். என் வீட்டில் இருப்பதெல்லாம் அந்த ஐந்நூறில் அடக்கம்.

ஒரு ராத்திரி செண்டுமல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து (குனியவில்லை என்பதைக் கவனிக்கவும்) டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஓடு, பழுப்பில் கரும்பட்டைகள். தலையில் இரண்டு ஜோடிக் கொம்பு. பெரிய ஜோடியின் நுனியில் கண். வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றதால் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிசாகக் கரகர என்கிறது. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டை, அதில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பற்கள். கடிப்பதில்லை, அரம் போட்டு ராவுகிறது. இலை அலுத்துப்போனால் காம்பவுண்டுச் சுவரில் ஏறிச் சுண்ணாம்பை ராவும். ஓடு வளர அதற்குக் கால்சியம் வேண்டும்.

"வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி சுவத்தைச் சுரண்டணும், ஆள் கிடைக்கலைன்னு சொல்லிண்டே இருந்தேளே. ஆள் வந்தாச்சு" என்றாள் என் மனைவி.

முதலில் முட்டை ஓடு. நொறுக்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டால் நத்தையின் மெல்லிய வயிற்றைக் கிழிக்கும், தாண்டாது என்று படித்தேன். எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. தெருமுனைப் பரோட்டாக் கடையில் போய் நின்றேன்.

"அண்ணே, முட்டை ஓடு கிடைக்குமா?"

"ஓடு மட்டுமா சார்?"

"ஓடு மட்டும்தான்."

கடைக்காரர் கொத்துவதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வறுமையில் இத்தனை படிகள் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். ஒரு பை நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

நத்தை விடும் கொழகொழப்பு இருக்கிறதே, அதன் மேல் ஊர்ந்து அது பிளேடு முனையைக்கூடக் காயமில்லாமல் தாண்டிவிடும். பிரிட்டனில் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்கிற தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளை எல்லாவற்றையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டு சோதித்து, 2018-இல் முடிவைச் சொன்னது: ஒன்றும் போடாத செடிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அவர்கள் ஊரில் வித்தியாசம் இல்லை, அவ்வளவுதான். என் வீட்டில், கால்சியத்துக்காகச் சுவர் ஏறிக்கொண்டிருந்த பிராணிக்கு இருந்த இடத்திலேயே பரிமாறியாயிற்று.

கல்லுப்பையும் தூவினேன். அன்று ராத்திரி மழை. உப்பு கரைந்து மண்ணுக்குள் போனது, கத்திரி செத்தது, நத்தை அடுத்த தொட்டிக்குப் போனது.

அடுத்தது பீர். இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய நத்தை போதாதென்று, தொட்டிகளுக்கு அடியில் ஓடில்லாத நத்தையும் உண்டு. கறுப்பாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிண்ணத்தில் பீர் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து முழுகிவிடும் என்பது மேல்நாட்டில் காலம்காலமாகச் செய்கிற வைத்தியம். அறுபது வயதுவரை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நான், கையில் மஞ்சள் பையோடு டாஸ்மாக் வரிசையில் நின்றேன்.

"ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றார் கம்பிக்கு உள்ளே இருந்தவர்.

"நத்தை எது குடிக்கும்?"

"பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க சார்."

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் எதிரே பஜனை கோஷ்டியில் மிருதங்கம் வாசிக்கிற மாமா, கீரைக்கட்டோடு.

"நீங்களா!"

"எனக்கில்லை மாமா. நத்தைக்கு."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நத்தைக்கு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, "எல்லாரும் ஏதோ ஒரு காரணம் சொல்லித்தான் ஆரம்பிக்கறது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் வீடு வந்து சேர்வதற்குள் மாமி போன் செய்து என் மனைவியிடம் ஆறுதல் சொல்லி முடித்திருந்தாள்.

கிண்ணத்தைப் புதைக்க வேண்டுமானால் குனிய வேண்டும். ஆகவே கொட்டாங்குச்சிகளில் ஊற்றி அப்படியே வைத்தேன். காலையில் சின்னதாக ஓரிரண்டு விழுந்து கிடந்தன. ராட்சத நத்தை ஒன்று விளிம்பில் தலையை வைத்து, மிச்சமில்லாமல் முடித்துவிட்டு, பக்கத்திலேயே சௌக்கியமாக இருந்தது. அதற்கப்புறம்தான் படித்தேன்: நத்தையை இழுப்பது சாராயம் அல்லவாம், ஈஸ்ட் புளிக்கிற வாசனையாம். மைதா, சர்க்கரை, தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து வைத்தாலே போதும். மளிகைக் கடையிலேயே கிடைத்திருக்கும். மார்கழி பஜனைக்கு அந்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை.

கேரளத்தில் புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வெற்றிலைபாக்குக் கடைக்குக் கிளம்பினேன். "பீர் ஆச்சு, இப்போ புகையிலையா?" என்று என் மனைவி வாசல் கதவைச் சாத்தினாள். அந்த ஆராய்ச்சி அத்தோடு நின்றது. மெட்டால்டிஹைடு குருணை இன்னொரு வழி. வாசலில் படுத்திருக்கிற தெருநாய் மணி கீழே கிடக்கிற எதையும் தின்னும், அந்தக் குருணையைத் தின்றால் பிழைக்காது. பிரிட்டனிலேயே 2022-இல் அதை வெளியில் போடக்கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். மணிக்காக நானும் தடை செய்தேன்.

மிச்சமிருந்தது இந்தியக் குடிமகனின் ஆதி வழி. பக்கத்து வீட்டுக்குள் வீசுவது.

இதிலும் விஞ்ஞானம் இருக்கிறது. பிபிசி வானொலி 2010-இல் சாதாரண ஜனங்களுக்கு ஓர் அறிவியல் போட்டி வைத்தது. ஜெயித்தவர் டெவன் பகுதியைச் சேர்ந்த ரூத் புரூக்ஸ் என்ற பாட்டி. அவருடைய கேள்வி: தோட்டத்து நத்தையைத் தூர விட்டால் திரும்பி வருமா? ஓட்டில் நகப்பூச்சு தடவி அடையாளம் வைத்து விட்டுப் பார்த்தார்கள். வந்தன. அப்புறம் வேறு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு, இருபது மீட்டருக்கு அப்பால் விட்டால்தான் தொல்லை தீரும் என்றார்கள். அது அவர்கள் ஊர் நத்தை. இருந்தாலும் என் மனையின் மொத்த நீளமே இருபது மீட்டர் வராது.

மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் பொட்டு வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். சில நாள் கழித்து வாழையடியில் டார்ச் அடித்தால் சிவப்புப் பொட்டு திரும்பி வந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதன் முதுகில் நீலப் பொட்டு. நான் நீலம் வைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம்தான் தம் வீட்டு கேட்டுக்கு நீல எனாமல் அடித்திருந்தார்.

மறுநாள் காலை சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டோம்.

"நல்ல மழை சார்."

"ஆமாம் சார். நல்ல மழை."

பங்குனி பிறந்ததும் நத்தை மாயமானது. வெற்றி என்று முடிவு செய்து, குடியிருப்போர் நலச் சங்கத்தில் நத்தை ஒழிப்பு பற்றி உரையாற்றினேன். டீ, பிஸ்கட் கொடுத்தார்கள். நத்தை அப்போது செங்கல் குவியலுக்கு அடியில் ஓட்டின் வாயை வெள்ளைப் படலம் போட்டு அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், சாப்பாடு தண்ணீர் வேண்டாம். அடுத்த ஐப்பசியில் என் மனைவி தொட்டியை நகர்த்திவிட்டுக் கத்தினாள்: "யாரு இங்கே ஜவ்வரிசியைக் கொட்டினது?"

முட்டைகள். ஒரு தடவைக்கு இருநூறு வரை இடும், வருஷத்தில் சில தடவை. ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான். சேர்ந்த பிறகு விந்துவைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தனியாகவே முட்டையிடும். ஒன்றை விட்டுவைத்தால் குடும்பத்தையே விட்டுவைத்த மாதிரி. அமெரிக்காவில் மயாமி நகரத்துப் பையன் ஒருவன் 1966-இல் ஹவாயிலிருந்து ஆசையாக மூன்றே மூன்று கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டாள். ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேல் பிடித்தார்கள். அரசாங்கம் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துத்தான் ஒழித்தது. 2011-இல் அதே ஊரில் மறுபடி முளைத்து, 2021 வரை பிடித்தார்கள். மோப்பம் பிடிக்க லாப்ரடார் நாய்களைப் பழக்கினார்கள். இந்தச் செய்தியில் எனக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. ஆனால் நாய் மோப்பம் பிடித்து உட்காரும், அவ்வளவுதான். குனிந்து எடுத்தது அங்கேயும் மனுஷன்தான்.

ஹவாயில் 1955-இல் இன்னும் புத்திசாலித்தனமாக, நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றை ஃபுளோரிடாவிலிருந்து இறக்கினார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய அழகான மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. எங்கள் தோட்டத்துக்கு ஒரு செண்பகப் பறவை வருகிறது. சின்ன நத்தைகளைக் கொத்தி உடைத்துத் தின்கிறது. கூர்ந்து பார்த்தேன். அதுவும் குனிந்துதான் பொறுக்குகிறது.

ஆகவே குனிந்தேன்.

முறை இதுதான். சாயங்காலம் சாக்கை நனைத்து விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போட்டுவைக்க வேண்டும். விடிந்ததும் தூக்கினால் எல்லாம் அடியில் ஒன்றுகூடியிருக்கும். மழை விட்ட ராத்திரிகளில் டார்ச்சோடும் ஒரு சுற்று. இடுக்கியால் எடுத்து, உப்பைக் கெட்டியாகக் கரைத்த வாளியில் போட்டு, பிறகு ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். செங்கல் குவியல், உடைந்த தொட்டி, இலைச்சருகு எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். முதல் ராத்திரி நான் வாளியும் கையுமாக முனகிக்கொண்டு இறங்கியபோது, "தினம் பத்து தடவை குனிஞ்சு நிமிரச் சொல்லி டாக்டர் சொன்னாரே, மருந்துக்கடையில கொடுத்தாளா இந்த வாளியை?" என்றாள் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு டார்ச் வெளிச்சம், ஒரு முனகல். பக்கத்து வீட்டுக்காரருக்கும் என் வயிறுதான்.

இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்குகிறோம். என் சுற்றளவு குறையவில்லை, நத்தை குறைந்திருக்கிறது. செண்டுமல்லி இந்த வருஷம் பூத்தது.

உங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள், அந்தப் பக்கத்துக்காரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் மட்டும் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் குடியிருக்கும் ஒரு புழு நத்தை வழியாக மனிதனுக்கு வந்தால் மூளைச் சவ்வையே தாக்கும். கொல்லைக் கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். குழந்தைகள் நத்தையோடு விளையாட விடாதீர்கள்.