மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கோழி

எங்கள் ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழியை 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். சந்தையில் அதற்கு நானூறு கொடுத்தாலே அதிகம். (திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கும் கோயில்தான். சர்ச் என்பது மெட்ராஸுக்கு வேலைக்குப் போனபிறகு வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை.)

இதற்கு அன்று காலைப் பிரசங்கமும் ஒரு காரணம். ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எடுத்துக்கொண்டது பணக்கார வாலிபன் கதை. நித்திய ஜீவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசுவிடம் கேட்டு வந்தவன். கட்டளைகளையெல்லாம் சின்ன வயதிலிருந்தே கைக்கொண்டவன். இருப்பதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றதும் முகம் வாடித் திரும்பிப் போனான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்பதை மூன்று சுவிசேஷக்காரர்களில் மாற்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு அவன்மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. முடியாது என்றதும் போய்விட்டானே! நானாயிருந்தால் போயிருக்க மாட்டேன். "விற்றுவிடலாம் ஆண்டவரே, ஆனால் மனை இப்போது விலை போகாது, பைபாஸ் வரட்டும்" என்று கூடவே நடந்து எருசலேம்வரை பேசிக்கொண்டே போயிருப்பேன்.

அடுத்து ஒட்டகம். ஐசுவரியவான் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிற இடம். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் ஒருவர், எருசலேமில் 'ஊசிக்காது' என்று ஒரு குட்டி வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்கால் போட்டால் நுழைந்துவிடும் என்று சொல்லித்தந்தார். முப்பது வருஷம் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது என்று படித்தேன். அது ஒட்டகமே இல்லை, கிரேக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் வடக்கயிறு என்று இன்னொரு கட்சி. கயிறானால் மட்டும் நுழைந்துவிடுமா என்ன! ஒரு பக்கம் ஊசியைப் பெரிதாக்குகிறோம், ஒரு பக்கம் ஒட்டகத்தை இளைக்க வைக்கிறோம். நானும் பைபாஸ் மனையோடு அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். வேப்பமரத்தடியில் வாழைத்தார், பூசணிக்காய், ஒரு படி உளுந்து, நான்கு சிப்பம் கருப்பட்டி. காலில் வாழைநார் கட்டி அந்தக் கோழி. செவலை நிறம், அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அதைத் தலைகீழாகத் தூக்கி "முந்நூறு!" என்று ஆரம்பித்தார். நான் ஐந்நூறு என்றேன். அத்தோடு முடிந்திருக்கும். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சான், கூலிங் கிளாஸைக் கழற்றாமலே "ஆயிரம்" என்றார்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆயிரத்து ஐந்நூறு, ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு. அரைமணி முன்னால் பணக்கார வாலிபனுக்காகக் கண் கலங்கியவர்களெல்லாம் எங்களைச் சுற்றி நின்று உற்சாகப்படுத்தினார்கள். "மூவாயிரத்து ஐந்நூறு, ஒருதரம்... ரெண்டுதரம்..." மச்சான் சிரித்தபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கோழி எனக்கு.

"கோழி எடுத்தது கோயிலுக்கா, எங்க அண்ணனுக்கா?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. பணம் கட்டும் மேஜைக்குப் போனேன்.

மேஜையில் க்யூஆர் அட்டை, பக்கத்தில் கடைகளில் இருக்குமே, அந்தப் பேசும் பெட்டி. ஸ்கேன் பண்ணினதுதான் தாமதம், வளாகம் முழுக்கக் கேட்கிறமாதிரி அது என் தொகையை அறிவித்தது. தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் தேவாலயத்தில் காணிக்கை போட எக்காளம்போன்ற பதின்மூன்று பெட்டிகள் இருந்தன என்று யூதர்களின் மிஷ்னாவில் சொல்லியிருக்கிறது. காசு அதிகமென்றால் சத்தமும் அதிகமாக இருந்திருக்கும். எங்கள் பெட்டிக்கு அந்த பேதமில்லை, பத்து ரூபாயையும் அதே குரலில்தான் சொல்லும். வாஸ்தவத்தில் அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பத்து ரூபாய் என்றதும் ஒரு கணக்கு ஞாபகம் வருகிறது. பேங்கில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்கமுடியாது. சுவிசேஷத்தில் ஏழை விதவை தன்னிடம் இருந்ததெல்லாம் அவ்வளவுதான் என்று காணிக்கையாகப் போட்ட இரண்டு காசு சேர்ந்தால் ரோமருடைய ஒரு குவாட்ரன்ஸ். அறுபத்து நான்கு குவாட்ரன்ஸ் ஒரு தெனாரியம், அதாவது ஒருநாள் கூலி. இன்றைக்குக் கூலி 640 ரூபாய் என்று வைத்தால் அவள் போட்டது சரியாகப் பத்து ரூபாய்! நான் நாற்பது வருஷமாக ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் மடித்துப் போடுவதும் அதேதான். விதவைக்குச் சமமாகக் கொடுத்துவந்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "அவ வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரிஞ்சிருக்காது. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்புல்லா?" என்றாள்.

தசமபாகத்திலும் இதே கதைதான். பத்தில் ஒன்று சரி, எதில் பத்தில் ஒன்று? மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா? பிஎஃப்புக்கு இப்போது கொடுத்தால் ரிட்டயர் ஆனபிறகு மறுபடி கொடுக்கவேண்டுமா? பரிசேயர்கள் சீரகத்தில்கூடப் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள் என்று இயேசு கடிந்துகொண்டார். நான் சீரகத்திலேயே தள்ளுபடி கேட்கிற ஆள்.

சாயங்காலம் கோழியைக் கொடுத்தது யாரென்று கோயில்பிள்ளையிடம் விசாரித்தேன். பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. இருந்தது அந்த ஒரு கோழிதானாம். எனக்குள் பெருந்தன்மை பொங்கியது. கோழி எனக்கு எதற்கு, திருப்பிக் கொடுத்துவிடுவோம். கோயிலுக்கும் காசு, பாட்டிக்கும் கோழி, எனக்கும் பேர்.

பாட்டி திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், எவ்வளவுக்கு எடுத்தேன் என்பதையும் சேர்த்து. அவர் இலையை மடக்கி நூல் சுற்றி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அது கோயிலுக்குக் குடுத்ததுல்லா அய்யா" என்றார். பிறகு கோழியின் காலைப் பார்த்தார். "யாரு கட்டுனது இப்படி? ரத்தம் கட்டிப்போச்சு பாரு." சுளகை இறக்கி வைத்துவிட்டு, கத்தரியால் நாரை வெட்டினார்.

கோழி இரண்டு தரம் நொண்டியது. சிறகை உதறியது. என்னைச் சட்டை பண்ணாமல் பாட்டியின் கால்களுக்கிடையே நுழைந்து உள்ளே போய், அடுப்புக்குப் பின்னால் அதன் மூலையில் உட்கார்ந்துகொண்டது.

பாட்டி வாரியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "ஏட்டி, வெளிய போ. உன்னைத்தான் குடுத்தாச்சுல்லா!" என்று அதை விரட்டும் சத்தம் கேட்டது. நான் அறுந்த வாழைநாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.