அண்ணாச்சிக்கு நாய்ன்னா உசுரு

பாளையங்கோட்டை மகாராஜநகரிலோ பெருமாள்புரத்திலோ ஒரு கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை தொங்கினால், அதற்குப் பின்னால் ஓர் அண்ணாச்சி இருப்பார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே அவர் குடியிருப்பு, மாடி வாடகைக்கு. கை வைத்த பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. நாயோடு வீடு கேட்டு வருகிறவனிடம் அவர் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

“நாய்தானே? நமக்கு நாய்ன்னா உசுரு, பாத்துக்கிடுங்க.”

விவரம் தெரிந்தவன் இந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவான். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவன்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவான்.

சென்னையில் இந்தச் சிக்கல் இல்லை. விளம்பரத்திலேயே நாய் கூடாது என்று போட்டுவிடுவார்கள். ஆட்டோ காசாவது மிச்சம். சின்ன ஊரில் அப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்ல முடியாது. வந்திருக்கும் தம்பிக்கு மாமனார் ஊர் அம்பாசமுத்திரமாக இருக்கும். அங்கே அண்ணாச்சியின் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே இலை போட்டுவிட்டால்? நாயோடு வந்த தருமரைப் பார்த்து, சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்று இந்திரன் பட்டென்று சொன்னான். இந்திரனுக்கு அம்பாசமுத்திரத்தில் சம்பந்தம் இல்லை, சொல்லிவிட்டான்.

ஆகவே அண்ணாச்சி மறுக்கமாட்டார். விசாரிப்பார். முதலில் ஆளை.

“தம்பிக்கு எந்தூரு? பூர்வீகமே அதானா? சொந்தமெல்லாம் எந்தப் பக்கம்? வீட்டுல சைவந்தானே?”

இப்படி ஊரைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, சாம்பாரைச் சுற்றி, கேட்க வந்ததைக் கேட்காமலே தெரிந்துகொள்வார். நாயிடம் இந்தச் சுற்று வளைப்பெல்லாம் கிடையாது.

“இது என்ன சாதி?”

“சிப்பிப்பாறை கலந்தது அண்ணாச்சி.”

“கலப்பா...” என்று ஓர் இழுப்பு. முகம் லேசாகச் சுருங்கும். பழக்கதோஷம், அதில் நாய்மேல் தனிக் கோபம் ஒன்றும் கிடையாது.

கலப்பில்லாததைக் கூட்டிப்போனாலும் கதை மாறாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப்பெயரை நாய்க்கு வைத்துப் பெருமைப்படுகிற சீமை இது. 2005-இல் அஞ்சல் துறை நாலு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. தபால்தலையில் இடம் கிடைத்த நாய்க்கு மகாராஜநகர் மாடியில் கிடைக்கவில்லை.

“பேரு என்ன வச்சிருக்கியோ?”

“மணி.”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, “எங்க அப்பா பேரு சுப்பிரமணி. ஊர்ல எல்லாரும் மணின்னுதான் கூப்பிடுவாவ” என்பார். வராந்தாவில் மாலை போட்ட படத்திலிருந்து பெரியவர் பார்த்துக்கொண்டிருப்பார். சமயம் பார்த்து மணி அந்தப் படத்தை நோக்கி ஒரு தடவை குரைத்து வைக்கும்.

“நமக்கு ஒண்ணுமில்ல தம்பி. வீட்டுல அவதான்... பூசை ரூம்பு, மடி, ஆசாரம்னு பாப்பா.”

பாதி அண்ணாச்சிகளுக்கு இந்த ஒன்றே போதும், வேலை முடிந்துவிடும். சில வீடுகளில் அந்த நேரம் பார்த்து அம்மா காபியோடு வெளியே வந்துவிடுவார்கள். வந்ததும் மணியின் தலையைத் தடவி, டபராவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ரெண்டு பிஸ்கட் எடுத்துவந்து போடுவார்கள். “ஏங்க, நல்ல பிள்ளையாட்டும்லா இருக்கு! இருந்துட்டுப் போட்டுமே.” அண்ணாச்சி அந்தப் பேச்சே காதில் விழாதவர்போலக் காபியை ஆற்றுவார். ஆறி முடிவதற்குள் அடுத்த காரணம் தயாராகிவிடும். பின் போர்ஷனில் ஒரு பேங்க்காரர் குடியிருக்கிறார், அவர் சம்சாரம் முழுகாமல் இருக்கிறது, நாய்ச் சத்தம் ஆகாது.

பக்தியும் உண்டு. தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவர் சன்னிதிக்குப் போகிறவர். “நாயி பைரவருக்கு வாகனம்லா, நாம கும்பிடணும்” என்பார். வாகனம்தானே, கார் நிற்கிற ஷெட்டில் கட்டிக்கொள்கிறேன் என்று தம்பி கெஞ்சுவான். “காருல கீறல் விழுமே?” என்று அண்ணாச்சி உண்மையிலேயே கவலைப்படுவார். கார் மகனுடையது. மகன் வெளிநாட்டில். கார் மூன்று வருஷமாக உறை போட்டு நிற்கிறது.

அடுக்குமாடி பக்கம் போனால் அண்ணாச்சி இடத்தில் சங்கச் செயலாளர். அவரிடம் சட்டம் பேசலாம் என்று தம்பி ஒரு நகலை எடுத்துக்கொண்டு போவான். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றமாட்டேன் என்றும் சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் விட்ட சுற்றறிக்கை. செயலாளர் கண்ணாடியை மாட்டி ஒரு வரி விடாமல் படிப்பார். “ரொம்பச் சரி. நம்ம லிஃப்ட் ஓடி ஆறு மாசம் ஆச்சு. சங்கத்துக்கு ஆட்சேபனை இல்ல. ஃப்ளாட் ஓனர் சம்மதிக்கணும்லா?” ஃப்ளாட் ஓனரைக் கேட்டால் அவருக்கும் ஆட்சேபனை இல்லை. சங்கம்தான் ஒரு மாதிரி என்பார்.

அட்வான்ஸ் பேச்சு வந்தால் மட்டும் அண்ணாச்சி இளகின மாதிரி தெரியும். 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் என்று ஒரு சந்தும் விட்டு வைத்திருக்கிறது. அந்தச் சந்தில் அண்ணாச்சி கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார். உங்களுக்குப் பத்து மாதம், நாய்க்குத் தனியாக ரெண்டு. தம்பி அதற்கும் தலையாட்டிவிட்டால் அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போடும். ஆள் இறங்கிவந்தது அவருக்குப் பெரிய சங்கடம். இனி என்ன சொல்லி அனுப்புவது? “வெள்ளிக்கிழமை நல்ல நாளா பாத்து போன் பண்ணுதேன்” என்று எழுந்துகொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை எந்த மாதத்தில் வருகிறது என்று தம்பி கேட்கக்கூடாது. மரியாதை இல்லை. கேட் வரைக்கும் வந்து வழியனுப்பி, மணியின் முதுகைப் பொத்தினாற்போல் ஒரு தட்டுத் தட்டி, “என்னா ஒரு கண்ணு! மனுசன் தோத்தான்” என்று அண்ணாச்சி சொல்வது நடிப்பு அல்ல. அவருக்கு நாய் பிடிக்கும். தன் வீட்டு மொசைக் தரையைத் தவிர உலகத்தில் எங்கே நாய் நின்றாலும் அவருக்குப் பிடிக்கும்.

அபூர்வமாக அந்த போன் வந்துவிடுவதும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், குரலைத் தாழ்த்தி.

“தம்பி, சாப்டாச்சா? வீடு ஏதும் அமைஞ்சுதா?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க சொல்லுவீங்கன்னுதான்...”

“அது கிடக்கட்டும். நேத்து ராத்திரி பின்தெருவுல ஒரு வீட்டு மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டானுவ, கேட்டியளா? நம்ம மாடி வேற காலியா கிடக்கு. உங்க மணிய மட்டும் கொண்டாந்து விடுங்களேன். பிஸ்கட்டு, சோறு எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க நிதானமா வேற வீடு தேடுங்க, அவசரமில்ல.”

தம்பி பதில் சொல்லாமல் இருப்பதை அண்ணாச்சி தப்பாகப் புரிந்துகொள்வார்.

“சே சே, அதுக்கு வாடகையெல்லாம் கேக்க மாட்டேன்.”