சொல்லாமல் சொல்வது

கேள்வி: இம்ப்ளை, இன்ஃபர், ஹின்ட், இன்சினுவேட்... எல்லாமே ‘மறைமுகமாகச் சொல்வது’தானே? வெள்ளைக்காரனுக்கு ஏன் இத்தனை?

பதில்: நேரே சொல்லக் கூச்சப்படுகிறவன் ஆயிற்றே, வகைவகையாகத்தான் வைத்திருப்பான்! விருந்தாளி எழுந்திருக்கும் வழியைக் காணோம். வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் ஹின்ட். ‘காலையில் சீக்கிரம் எழுந்திருக்கணும்’ என்றால் இம்ப்ளை. அதைக் கேட்டு விருந்தாளி ‘ஓஹோ, கிளம்பச் சொல்கிறார்’ என்று புரிந்துகொள்கிறாரே, அது இன்ஃபர். அதாவது முன்னது சொல்பவர் வேலை, பின்னது கேட்பவர் வேலை. மாற்றிச் சொன்னால் ஆங்கில வாத்தியார்கள் பிரம்பைத் தேடுவார்கள். ஆனால் ‘உடோப்பியா’ எழுதிய தாமஸ் மோரே 1533-ல் இன்ஃபரை இம்ப்ளை அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். அவரை யார் அடிப்பது?

இன்சினுவேட் மட்டும் விஷம் தடவியது. ‘போன தடவை நீங்க வந்துட்டுப் போன பிறகுதான் வெள்ளி டம்ளரைக் காணோம்’ என்பது அந்த ரகம். லத்தீன் மூலத்துக்கு வளைந்து நெளிந்து உள்ளே நுழைவது என்று பொருள், பொருத்தம்தான்.

இந்த மாதிரிக் குத்தலுக்குச் சட்டத்தில் இன்னுவெண்டோ என்று பெயர். இங்கிலாந்தில் சிரில் டாலி என்ற கோல்ஃப் வீரரின் கேலிச் சித்திரத்தை, அவர் பாக்கெட்டில் சாக்லேட்டைச் செருகி, ஃப்ரை கம்பெனி அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போட்டது. ‘அமெச்சூரான நான் காசு வாங்கியதாக ஊர் நினைக்குமே!’ என்று வழக்குப் போட்டார். 1931-ல் பிரபுக்கள் சபை, அந்த அர்த்தம் வரத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டது. விளம்பரத்தில் அவர் காசு வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.