சந்தேகத்தின் பலன்

எந்த ஊர்க் கோர்ட்டிலும் சந்தேகத்தின் பலன் கூண்டில் நிற்பவனுக்குத்தான் போகும். பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சந்தேகித்து 2003 மார்ச்சில் இராக்மேல் குண்டு போட்டவர்கள் அதை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஆதாரத்துக்குக் காத்திருந்தால் அது அணுகுண்டின் காளான் மேகமாக வந்து நிற்கும் என்று அமெரிக்க அதிபர் புஷ் தரப்பு முந்தைய ஆண்டே பயமுறுத்தி வைத்திருந்தது. பிறகென்ன, அடிக்காதவனை அடித்தாலும் தற்காப்பு!

இராக் அதிபர் சதாம் உசேன் கொடுங்கோலன், யார் இல்லையென்றது? ஆனால் அவர் ஈரானியர்கள்மேல் நச்சுவாயுவைப் பிரயோகித்த 1983-இல், பிற்பாடு புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சரான டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டு அமெரிக்கத் தூதராகப் பாக்தாத்துக்கே போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார். ஆயுதம் இருந்தபோது கைகுலுக்கல், இல்லாதபோது குண்டு. இந்த வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ளத் தனி மூளை வேண்டும்.

2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு மாதிரியாக ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். அவைக்கு வெளியே தொங்கிய பிக்காசோவின் 'கெர்னிக்கா' நெசவுப் பிரதியை நீலத் துணியால் மூடியிருந்தார்கள். டிவி கேமராவுக்குப் பின்னணி தோதாக இல்லையாம். குண்டுவீச்சில் செத்தவர்களின் படம் எப்படித் தோதாக இருக்கும்?

பவல் விவரித்த நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், 'கர்வ்பால்' என்ற சங்கேதப் பெயர்கொண்ட இராக்கியர் ஜெர்மன் உளவுத்துறைக்கு அளந்த கதை. 2011-இல் அவரே புளுகினேன் என்று சொல்லிவிட்டார். நைஜரிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய கடிதங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமையின் எல்பரடேய் மார்ச் 7-ஆம் தேதியே அவையில் சொன்னார். இரண்டு வாரம் முடிவதற்குள் பாக்தாத் எரிந்தது.

ஆயுதம் அகப்படவில்லை. அதனால் யாருக்காவது தூக்கம் கெட்டதா? 2004 மார்ச்சில் பத்திரிகையாளர் விருந்தொன்றில், தம் அலுவலகத்து மேசை நாற்காலிக்கடியில் ஆயுதம் தேடுகிற படங்களைப் போட்டுக் காட்டி புஷ் நகைச்சுவை செய்தார். கேள்வி கேட்க வேண்டியவர்கள் சிரித்தார்கள். அந்த டிசம்பரிலேயே, உளவில் கோட்டைவிட்ட சி.ஐ.ஏ. தலைவர் டெனட்டுக்கும், இராக் ராணுவத்தைக் கலைத்து ஆயுதம் தெரிந்த லட்சக்கணக்கான ஆட்களை நடுத்தெருவில் விட்ட அமெரிக்க நிர்வாகி பிரெமருக்கும் நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருது. இராக்கில் கொல்லப்பட்ட பொதுமக்கள் மிகக் குறைந்த கணக்கிலும் லட்சத்தைத் தாண்டுவார்கள்.

2022 மே மாதம் டல்லஸ் மேடையில் புதினின் உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்க எழுந்தார் புஷ். சற்றும் நியாயமற்ற, மிருகத்தனமான இராக் படையெடுப்பு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உக்ரைன் என்று திருத்தினார். இராக்கும்தான் என்று முணுமுணுத்தார். இருபதாண்டில் கிடைத்த ஒரே வாக்குமூலம். வயது எழுபத்தைந்து ஆயிற்றே என்று அவர் சமாளிக்க, இந்த அரங்கமும் சிரித்தது.