பொனட் அண்ணன்

பழைய கார் வாங்கப் போகிறவர் பணத்தைப் பிறகுகூடப் புரட்டிக்கொள்ளலாம். பொனட் அண்ணனை முதலில் பிடித்து வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்த கையோடு யாராவது அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தெமோதரையில் ஒருவர், ஹாலிஎலையில் ஒருவர், பசறைப் பக்கம் போட்டிக்கு இருவர் என்று ஊவா முழுக்கப் பரவியிருக்கும் இனம் இது. ஒருவர் தோட்டத்து ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவராக இருப்பார். இன்னொருவர் பென்சன் எடுத்த தபால்காரராக இருப்பார். காரைச் சுற்றி வரும் நடை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, முகத்தில் சாவு வீட்டுக்கு வந்த களை.

அவரிடம் சொந்தமாகக் கார் கிடையாது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. “எல்லாக் காருக்கும் உள்ள வருத்தம் தெரிஞ்சவன் எப்படிங்க ஒண்ணை வாங்குவான்?”

இப்படி அண்ணன்மார் உருவானதில் ஊரின் குற்றமும் கொஞ்சம் உண்டு. தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் பதுளைக்குக் கிளம்பும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்துதான் போகும். பாதையை எப்படி இறக்குவது என்று எஞ்சினியர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்து இந்த யோசனை பிறந்தது என்று இங்கே கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அதன் விளைவு மெய். 1924இல் பதுளைக்கு ரயில் போன நாளிலிருந்து, இந்த ஊரில் தலையில் துண்டு கட்டிய எவரையும் பார்த்து “எஞ்சினைப் பத்தி உனக்கென்ன தெரியும்” என்று கேட்க முடியாது.

தோட்டப் பாடசாலை அதிபர் ஒருவர் தம் மகளுக்குக் கார் பார்த்த கதையைச் சொன்னால் அண்ணனின் முழு உருவமும் கிடைத்துவிடும். மகளுக்கு வெலிமடைப் பக்கம் ஆசிரியை நியமனம். மெடிக்கல் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ணி, லேனர்ஸ் பெமிட் கைக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் பழகிவிட்டு டிரயலுக்குப் போக வேண்டும். பழக ஒரு மலிவான கார் தேவை.

அண்ணன் முதலில் பொருளாதாரப் பாடம் எடுத்தார். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது, அதுவும் கண்ணைக் கட்டும் வரியோடு. இடையில் நாட்டில் கிடந்த கார்களுக்கு வயதும் ஏறியது, விலையும் ஏறியது. “வயசு போகப் போக மதிப்புக் கூடுறது நம்ம நாட்டுல கார் மட்டுந்தான் சார். மனுசனுக்கு அப்படியா?” அதிபருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான். பகிடி அவருக்கு ருசிக்கவில்லை.

அண்ணனுக்கு மனிதர்களின் பெயர் மறந்துபோகும். கார்களின் உள்பெயர் மறக்காது. சன்னி என்று சொல்லமாட்டார், எஃப்.பி. 13, எஃப்.பி. 14 என்பார். கொரோலா என்றால் ஏ.ஈ. 100. டி.எக்ஸ். வேகன் கே.ஈ. 72. “அவன் எஃப்.பி. 14ஐப் பார்த்துட்டு எஃப்.பி. 13ஐ வாங்கினவன்” என்று யாரையாவது பற்றிச் சொன்னால், அந்த ஆளின் கல்யாணம், காணி வழக்கு எல்லாம் அதில் அடக்கம். நம்பர் பிளேட்டைப் பார்த்தே சாதகமும் கணிப்பார். ஸ்ரீ நம்பர் என்றால் தாத்தா, டேஷ் நம்பர் என்றால் அப்பா, இங்கிலீஷ் எழுத்து வந்தால்தான் பிள்ளை.

அதிபர் இக்மன் இணையத்தளத்தில் படம் பார்த்துப் பிடித்திருந்தது ஒரு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., பன்னிரண்டு அங்குலச் சில்லு. பழகுவதற்கு இதைவிட நல்ல கார் இல்லை என்று ஒரு கட்சி, முட்டினால் தாங்காது என்று இன்னொரு கட்சி. அண்ணன் இரண்டிலும் அங்கத்தவர். விளம்பரத்தில் ‘லேடி டொக்டர் பாவித்தது’ என்று போட்டிருந்தது. இலங்கையில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை லேடி டொக்டர்கள்தான் பாவித்திருக்கிறார்கள்; நோயாளிகளை எப்போது பார்த்தார்கள் என்றுதான் விளங்கவில்லை.

ஹாலிஎலையில் அந்த வீட்டு வாசலில் இறங்கியதும், வணக்கம் சொல்வதற்கு முன்பே அண்ணன் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சூடு.

“காலையிலயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்க போல?”

“சும்மா… கழுவுறதுக்கு வெளிய எடுத்தேன்.”

அண்ணன் அதிபரைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். ஆறிக் கிடக்கும் எஞ்சின் கிளம்பும்போதுதான் அதன் உண்மையான புகையும் சத்தமும் வெளிவரும்; முன்கூட்டியே சூடாக்கி வைப்பது அதை மறைக்கத்தான். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் அங்கேயே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார், இரண்டு முறை.

பிறகு பையிலிருந்து காந்தம் வந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. கைக்குட்டையில் சுற்றி, கதவோரமாக மெல்ல நகர்த்தினார். ஒட்டுகிறது, ஒட்டுகிறது, பின் சில்லுக்கு மேலே வந்ததும் பொத்தென்று கீழே விழுந்தது. “தகரம் இங்க முடியுது சார். இதுக்கு அங்கிட்டு பட்டிதான்.” மீட்டரில் 62,000 கிலோமீட்டர். அண்ணன் குனிந்து கிளச் பெடலைக் காட்டினார். ரப்பரில் வரி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை, ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. “டொக்டரம்மா இந்த 62,000மும் பெடல் மேல நின்னுக்கிட்டே போயிருக்காங்க.” டயரின் பக்கவாட்டில் 2316 என்று நான்கு இலக்கம், 2016ஆம் வருடம் 23ஆம் வாரம் பிறந்த டயர். பூ இருக்கிறது, ஆயுள் இல்லை. ஒயில் மூடியைத் திருகி உள்பக்கத்தைப் பார்த்தார். பால் டீ நிறத்தில் களி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் போய் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம்.

ஓட்டிப் பார்க்கப் பண்டாரவளை ரோட்டில் ஏறினார்கள். ஓட்டியவர் விற்பவர். அண்ணன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டார். ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை எடுக்கச் சொன்னார். கார் நிதானமாகப் பின்னால் வரத் தொடங்கியது. பின் சீட்டிலிருந்த அதிபர் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

இந்த ஓர் இடத்தில் அண்ணனைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. வளைவுக்கு வளைவு ஏற்றமும் இறக்கமுமான ரோட்டில், முன்னால் நின்ற பஸ் கிளம்பும்வரை சரிவில் காத்திருந்துதான் இங்கே பிள்ளைகள் கிளச் பழகுகிறார்கள். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். “பெயின்ட் போனா போகட்டும் சார். கிளச்சு, பிரேக்கு, ஹேண்ட்பிரேக்கு, டயரு. இந்த நாலும் சரியா இருந்தா பிள்ளை பொழைச்சுக்கும்” என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த வைர வாக்கியம் இது. யாரும் கவனிக்கவில்லை, அதிபர் கார் நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

சீ.ஆர். என்னும் பதிவுச் சான்றிதழ் வேறு யாரோ கொழும்புக்காரர் பெயரில், கையில் இருப்பது பெயர் மாற்றாத ஓப்பன் பேப்பர். எண்ணெய்க் கறை படாத விஷயங்களில் அண்ணனுக்கு நாட்டம் குறைவு. மகள்தான் வாங்கிப் படித்துவிட்டு, சீ.ஆரில் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும், லீசிங் பாக்கி இல்லை என்று தெரியட்டும், அதன் பிறகுதான் அட்வான்ஸ் என்றாள்.

“அப்ப வாங்கலாமாண்ணே?” என்று கேட்டார் அதிபர்.

“வாங்கினா நட்டமில்ல. வாங்காட்டியும் நட்டமில்ல. பிள்ளையோட ராசி எப்படியோ.”

அண்ணனின் வித்தை முழுக்க இந்தத் தீர்ப்பில்தான். கார் ஓடினால் “நட்டமில்லன்னு சொன்னேன்ல?” எல்ல ஏற்றத்தில் புகை கக்கி நின்றால் “அன்னைக்கே இழுத்துத்தான சொன்னேன்?” கூட்டிப் போகிறவர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். கராஜ் பாஸைக் கூட்டிப் போனால் காசு கொடுக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், அவர் சொன்னதைக் கேட்க வேண்டும். அண்ணனுக்குப் பகல் சாப்பாடு போதும். பின்னால் ஏதாவது நடந்தால் ஏசுவதற்கும் வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் கிடைக்கிறார். அதிபர் காரை வாங்கினார். பட்டியைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்த காசும் அதற்கு மேலும் கிளச் பிளேட்டுக்கும் நான்கு டயருக்கும் போய்ச் சேர்ந்தது.

தயார்செய்யும் படலத்தில் அண்ணன் இன்னும் உற்சாகமானார். பிரேக் ஒயில் மாற்றச் சொன்னார், ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்துக் கட்டச் சொன்னார், மூடுபனிக்கு வைப்பர் ரப்பர், வளைவுக்கு ஹோர்ன். மகளின் உயரத்துக்குச் சீட்டில் ஒரு மெத்தை. முன்னும் பின்னும் எல் போர்ட், கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும். எல் போர்ட் நேராக இருக்கிறதா என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

கோவிலடியில் பூசை. நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம். மகள் கிளச்சை விட்ட வேகத்தில் பழம் நசுங்கியது, எஞ்சினும் நின்றது.

“நீங்க முன்னுக்கு ஏறுங்கண்ணே” என்றார் அதிபர். லேனர்ஸ் ஓட்டும்போது பக்கத்தில் லைசன் உள்ளவர் இருக்க வேண்டும். அதிபர் சைக்கிளோடு நின்றுவிட்டவர்.

அண்ணனுக்குத் திடீரென்று முழங்கால் வலித்தது. பின்னால் இருந்தால்தான் டிஃபரென்ஷல் சத்தம் பிடிபடும் என்றார்.

“மாமா, இது முன் சில்லு இழுக்கிற கார். பின்னால டிஃபரென்ஷலே கிடையாது. லைசனைக் காட்டுங்க பார்ப்போம்.”

வெகுநேரம் பையைத் துழாவியபின் வெளியே வந்தது. ஆட்டோவுக்கு மட்டும்.

கடைசியில் பக்கத்தில் ஏறியவர் கோவில் பூசாரி. கொழும்பில் வெகுகாலம் வேன் ஓட்டியவராம். அண்ணன் பின் சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“சத்தத்தைக் கேட்டீங்களா சார்? கதவு ஒரிஜினல்.”