தேனி மாவட்டத்துப் பழைய கார்களின் மேனிப் பொலிவு: ஒரு துடைப்பியல் ஆய்வு

கல்வெட்டுக்கும் நாணயத்துக்கும் தனித்தனித் துறை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் துடைப்பியலுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. தேனியில் தொடங்கி லோயர் கேம்ப் வரை தெருவுக்கு ஒரு பெரியவராவது காலைக் காபிக்கு முன்னால் தோள் துண்டை உதறி, வாசலில் நிற்கும் பழைய மாருதியைத் தட்டித் துடைக்கிறார். பக்தியோடு நடக்கும் இந்தச் சடங்கு அறிஞர் எவர் கண்ணிலும் படாமல் போனது வியப்பு. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் எல்லை வகுப்போம். டி.என். 60 என்று பதிவெண் தொடங்கும் வண்டிகள், அவற்றுள்ளும் வயதில் மூத்தவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 1983-இல் வந்து 2014-இல் விடைபெற்ற மாருதி 800, அதே 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் ஆகியவை முதன்மைச் சான்றுகள். தவணை முடியாத புதுக் கார்கள் விலக்கப்படுகின்றன. அவற்றின் மேனி குறித்துக் கவலைப்பட வேண்டியது வங்கி.

நமது கருதுகோள் இது: பழைய காரின் பெயிண்டைக் கெடுப்பதில் வெயிலுக்கும் மழைக்கும் பங்கு உண்டு என்றாலும், தலைமைப் பங்கு உடையவரின் பாசத்துக்கே.

சான்று காட்டுவோம். கம்பம் பள்ளத்தாக்கில் வைகாசி கழிந்தால் மேற்கிலிருந்து காற்று இறங்குகிறது. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா அழகுக்கு நட்டுவைக்கவில்லை. அந்தக் காற்று அள்ளிவரும் புழுதியில் பொடி மணலும் உண்டு. மணல் பெயிண்டைவிடக் கடினமானது. அது பானட்டில் படிந்திருக்கும்வரை ஒரு தீங்கும் இல்லை. பெரியவர் துண்டோடு வந்து ‘ஒரே தூசி’ என்று அங்கலாய்த்துக்கொண்டு வட்டமாகத் தேய்க்கும்போதுதான் துண்டு உப்புத்தாள் ஆகிறது. பெயிண்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் கனம்தான். தலைமுடியே சராசரியாக 70 மைக்ரான் வரும். காலை வெயிலில் பானட்டைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டக் கீறல் தெரியும். அவ்வளவும் அன்பின் ரேகைகள்.

ஒப்பீட்டுக்கு, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப்போகும் ஜீப்புகளை எடுத்துக்கொண்டோம். மலைச்சாரல் தவிர இவற்றை வேறு யாரும் குளிப்பாட்டுவதாகத் தெரியவில்லை. கீறல்கள் ஏராளம். ஆனால் எல்லாம் கிளை, பாறை, எதிரே வந்த இன்னொரு ஜீப் என்று நேர்மையான காரணம் உடையவை. வட்டக் கீறல் ஒன்றுகூட அகப்படவில்லை.

‘அப்படியானால் கவர் போட்டு மூடிவிடலாமே’ என்று மறுப்பாளர் கேட்கலாம். ஆடிக்காற்றில் கார் கவரைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டார். உள்ளே தூசி புகுந்துவிடும். வெளியே கவர் படபடக்கும். துண்டு காலையில் ஒரு பொழுது செய்யும் வேலையைக் கவர் இரவு முழுதும் சம்பளமில்லாமல் செய்யும். கழுவாத வண்டிமேல் கவர் கூடாது. காற்றுக்காலத்தில் இறுக்கிக் கட்டாத கவர் கூடவே கூடாது.

கழுவுவதில் இரு மதங்கள் உள்ளன. மண்ணெண்ணெய் மதம் மூத்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் அருகியபின் அது டீசல் கிளையாகப் பிரிந்தது. துடைத்ததும் வண்டி பளபளக்கும். எண்ணெய்ப் படலம் கீறலை நிரப்புவதால் வரும் பளபளப்பு அது. டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் படலமே ஊர்த் தூசியை எல்லாம் அழைத்து உட்காரவைத்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்ட மெழுகையும் அது கரைத்துவிடும். தார்ப் புள்ளியை எடுக்க மட்டும் துளி மண்ணெண்ணெய்க்கு அனுமதி உண்டு, உடனே கழுவிவிட வேண்டும்.

ஷாம்பூ மதம் பிந்தையது. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்றபோது ஏழையின் தலையை எண்ணினாரே ஒழிய மாருதியின் தலையை எண்ணியிருக்க மாட்டார். கார் ஷாம்பூவே சிறப்பு. அவசரத்துக்கு ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சாஷே என்பதை மன்னிக்கலாம். பாத்திரம் விளக்கும் சோப்பை மன்னிக்க முடியாது. அது எண்ணெய்ச் சட்டியை உரிப்பதுபோலவே மெழுகையும் உரித்துவிடும். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் சோப்புநீர், மற்றதில் துணியை அலச வெறுந்தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, நிழலில், கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும்.

தண்ணீர் எது என்பதும் ஆய்வுக்குரியது. போர்த்தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விடும். பெரியாற்றுத் தண்ணீர் அவ்வளவு தொல்லை தராது. 1895-இல் பென்னிகுவிக் முடித்த அணையின் பயனாளிகளாக நெல்லையும் திராட்சையையும் மட்டுமே எழுதிவைத்தது வரலாற்றாசிரியர்களின் ஓரவஞ்சனை. போர்த்தண்ணீரே கதி என்பவர்கள் ஈரம் காயுமுன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

இனி மேலிருந்து விழுபவை. புளியமர நிழலில் நிறுத்துவோர் காக்கையின் தயவில் வாழ்கிறார்கள். அமாவாசைக்குச் சோறு வைத்து வருந்தி அழைத்த முன்னோர், உண்டபின் பானட்டில் விட்டுப்போவதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் அது பெயிண்டை அரித்துப் பள்ளம் பறிக்கும். சுரண்டக் கூடாது. நனைத்த துணியைச் சற்றுநேரம் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கிவிட வேண்டும். திராட்சைப் பந்தல் ஓரம் நிறுத்துவோருக்கு வேறு ஆபத்து: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரக் கொடிகளுக்கு இதை அடித்தது முதலில் பழம் பறிக்கும் வழிப்போக்கரை விரட்டத்தான். அது நோயையும் விரட்டுவதைக் கண்டு 1885-இல் உலகுக்குச் சொன்னவர் மில்லார்டே. கார்க்காரர்களையும் விரட்டும் என்பது நமது பங்களிப்பு.

மங்கிய வண்டிக்கு என்ன செய்வது? பட்டறையில் கேட்டால் விடை தயாராக இருக்கும்.

“ரப்பிங் போட்டா புதுசாட்டம் ஆகிரும்ணே.”

“போன வருசமும் போட்டோமேப்பா?”

“அதுக்கென்னண்ணே, இன்னொருக்கா போட்டுருவம்.”

ரப்பிங் காம்பவுண்ட் பளபளப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. மங்கிய தோலைச் சீவி எடுக்கிறது. வருடம் ஒருமுறை சீவினால் ஒருநாள் பிரைமர் எட்டிப் பார்க்கும். ஆகவே முதலில் ஒரு சோதனை. கதவின் கீழோரத்தில், வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்ட். மேலே சுண்ணாம்புபோல் பூத்திருப்பதை லேசான பாலிஷே எடுத்துவிடும். நிறம் ஏறாவிட்டால் மேலே இருப்பது கிளியர் கோட், கை அடங்கட்டும். எதுவானாலும் மேலே மெழுகு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நல்ல மெழுகில் கார்னோபா இருக்கும், பிரேசில் பனை ஒன்றின் இலையில் சுரப்பது. டப்பா சில நூறு ரூபாய். சிக்கனமாகப் பூசினால் ஆயுதபூசை தாண்டி அடுத்த ஆயுதபூசைக்கும் வரும்.

ஆயுதபூசை என்றதும் ஒன்று. பானட்டில் இடும் விபூதிப்பட்டை தத்துவார்த்தமாக மிக நுண்ணிய ரப்பிங் காம்பவுண்டே. குழைத்து இட்டால் புண்ணியம். மறுநாள் உலர்ந்தபின் தேய்த்து எடுத்தால் மூன்று கோடு நிரந்தரம்.

சிவப்பு மாருதி இந்த ஆய்வில் தனி இடம் பெறும். வெயிலில் பூத்துப் பூத்து அது ரோஸ் ஆகிவிடும். ஆர்.சி.யிலோ சிவப்பு என்றே இருக்கும். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும் என்கிறது விதி. தானாக மாறிய நிறத்துக்கு யார் மனுப் போடுவது? 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப்போன ஒருவரிடம் இதே கேள்வி எழுந்தது. மனிதர் கலங்கவில்லை. டிக்கியிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்தார், பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தார், “இந்தா பாருங்க சார், செகப்பு” என்றார். துணியும் சிவந்திருந்தது. அதை மடித்து மனுவோடு பின் அடித்துக்கொடுக்கவும் அவர் தயாராக இருந்தார்.