நாயகர்கள் காதலித்தும் உயிர் பிழைப்பது எப்படி?

சாகசக் கதையில் நாயகனாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு வாழ்த்துகள். வாள் வீச்சு, மதில் ஏறுதல், மாறுவேடம் எல்லாம் சுமாராகத் தெரிந்திருந்தால் போதும். மிச்சத்தைக் கதாசிரியர் பார்த்துக்கொள்வார். மனசை மட்டும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரிகள் உன் கவசத்தில் ஓட்டை தேடி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். நீ எந்தப் பல்லக்கைத் திரும்பிப் பார்க்கிறாய் என்று கவனித்தாலே போதும் அவர்களுக்கு.

காதலே கூடாது என்று சொல்லும் பெரியவர்களை நம்பாதே. அவர்கள் உடனே ஷெர்லாக் ஹோம்ஸைக் காட்டுவார்கள். 1891இல் வந்த கதையில் ஐரீன் அட்லர் என்ற பெண் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனாள். அவள்மேல் அவருக்குக் காதல் கிடையாது என்று கூட்டாளி வாட்சன் அடித்துச் சொல்கிறார். காதல் இல்லாமலே தோற்றவர், கடைசியில் வழக்கைக் கொண்டுவந்த ராஜா நீட்டிய மரகத மோதிரத்தை வேண்டாமென்று அவள் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனசைப் பூட்டி வைத்தவருக்கே இந்தக் கதி.

ஆகவே காதலி. ஆளைப் பார்த்துக் காதலி. இதற்கு நம் பாடப்புத்தகம் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகத்திலும் காதல் எப்படியெல்லாம் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வந்தியத்தேவனைப் பார். வாயாடி, அவசரக்காரன், எங்கே போனாலும் வம்பில் மாட்டிக்கொள்பவன். நியாயமாகப் பார்த்தால் முதல் பாகத்திலேயே செத்திருக்க வேண்டியவன். பிழைத்தான் என்றால், அவன் மனசைப் பறிகொடுத்தது சோழ இளவரசி குந்தவையிடம் என்பதால்தான். அந்தப் பெண் அவனை உட்கார்ந்து பெருமூச்சு விட விடவில்லை. ஓலையைக் கையில் கொடுத்து இலங்கைக்குப் போ என்றாள். திரும்பி வந்தவனைக் காஞ்சிக்குப் போ, என் அண்ணனைக் கடம்பூருக்குப் போகவிடாமல் தடு என்றாள். இது மிக முக்கியமான பாடம், தம்பி. உன்னைவிடப் புத்திசாலியாகப் பார்த்துக் காதலித்தால் அவள் உனக்கு வேலை வைத்துக்கொண்டே இருப்பாள். பாதி வேலையில் இருப்பவனைக் கொல்ல எந்தக் கதாசிரியருக்கும் மனம் வராது.

அந்த அண்ணன்தான் செய்யக்கூடாததற்கு உதாரணம். ஆதித்த கரிகாலனுக்கு எதிரே நிற்கப் போர்க்களத்தில் ஆள் கிடையாது. காதலித்த நந்தினி கெஞ்சியும் கேளாமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை வெட்டினான். அன்று முதல் அவனுக்குத் தூக்கம் போயிற்று. நந்தினி அழைக்கிறாள் என்றதும், தாத்தா மலையமான் தடுத்தும் தங்கை ஆள்விட்டுத் தடுத்தும் கடம்பூருக்குக் கிளம்பினான். காதலோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டால் உன்னைக் கொல்ல எதிரி சிரமப்பட வேண்டியதில்லை, நீயே குதிரை ஏறிப் போய் அவன் வாசலில் இறங்கிவிடுவாய். எனவே பழைய காதலியிடமிருந்து அழைப்பு வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு.

மோகம் அடக்க முடியாமல் போனால், பெரிய பழுவேட்டரையரைப் போல ஊரறிய மோகித்துவிடு. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய மனிதர், கிழ வயதில் நந்தினியை மணந்துகொண்டு, மூடுபல்லக்கோடு ஊர் ஊராகப் போகிறார். கிழவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நாடே சிரிக்கிறது. அந்தப் பல்லக்கில் சில வேளை உட்கார்ந்திருந்தது, அவர் சதி செய்து அரியணையில் ஏற்ற நினைத்த மதுராந்தகத் தேவர்! பெண்டாட்டி தாசன் என்ற கெட்ட பெயரைவிட நல்ல மறைவிடம் ஒரு சதிகாரனுக்குக் கிடைக்காது. (அவளிடம் அவர் நிஜமாகவே மயங்கியிருந்தார் என்பது வேறு விஷயம். அதற்கும் சேர்த்துத்தான் பின்னால் அனுபவித்தார்.)

உனக்கு வேலை சாண்டில்யனிடம் என்றால் விதிமுறைகள் கொஞ்சம் தளர்வு. நாயகி வந்ததும் வாளை உறையில் போட்டுவிட்டுச் சும்மா நில். அவளை வர்ணித்து முடிக்கப் பக்கங்கள் ஆகும். எதிரிப்படையும் மரியாதையாகக் காத்திருக்கும். இரண்டு நாயகிகள் வந்தாலும் பயப்படாதே. 'யவன ராணி' இளஞ்செழியனும் 'கடல் புறா' இளையபல்லவனும் அந்த நெரிசலுக்கு நடுவிலேயே போரை ஜெயித்தவர்கள்.

துப்பறியும் துறையில் நிலைமை இன்னும் சுகம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா, ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா. கட்டின பெண்டாட்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கொலை கண்டுபிடிக்கலாம். உளவுத் துறைக்கு மட்டும் போய்விடாதே. 1963இல் வெளிவந்த நாவலில் ஜேம்ஸ் பாண்ட் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார். தேனிலவுக்குப் புறப்பட்ட வழியிலேயே மனைவி டிரேசியைச் சுட்டுவிட்டார்கள். அடுத்த நாவலில் பாண்ட் ஜப்பானுக்கு வேலையாகப் போனார்.

இந்த இடத்தில் கையேடு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காதல் நாயகனின் பலவீனம் என்கிறார்கள். அந்தப் பலவீனத்துக்கு ரசீது பெரும்பாலும் அவள் பெயரில்தான் வருகிறது. வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கரிகாலனைக் கொன்ற பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட, அவனைக் காதலித்த மணிமேகலை, புத்தி கலங்கிக் கடைசியில் அவன் மடியில் சாகிறாள். அவனுக்குக் குந்தவை இருக்கிறாள். 'சிவகாமியின் சபதம்' நரசிம்மவர்மர் வாதாபியை எரித்து வெற்றி வீரராகத் திரும்புகிறார். அத்தனை வருஷம் எதிரியின் ஊரில் கிடந்த காதலி சிவகாமி காஞ்சிக்கு வந்துதான் தெரிந்துகொள்கிறாள், அவருக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று. சபதம் அவளுடையது, வெற்றி அவருடையது. ஏகாம்பரநாதர் கோயிலில் ஆட அவளுக்கு இடம் கிடைத்தது. இதை வீரனின் பலவீனம் என்று எழுதி வைத்த ரசிகர்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கல்யாணம்தான் வேண்டும் என்றால் காமிக்ஸ் நாயகர் முகமூடி மாயாவியை வழிகாட்டியாகக் கொள். தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் வேலை அவருடையது. காதலிக்காமல் விட்டால் அடுத்த மாயாவி இல்லை. காதலி டயானா அவர் கதையில் வந்தது 1936இல். தாலி கட்ட, அதாவது மோதிரம் மாற்ற, 1977 ஆகிவிட்டது. அதுவரை பொறுக்க உன்னால் முடியாதென்றால், தம்பி, சமூக நாவல் பக்கம் வேலை காலியிருக்கிறதா என்று விசாரித்துப் பார்.